செஞ்சி மண்ணில் இருந்த கரி

ஒரு பெண்ணை நான் பொய்க்காரி என்றேன். அவள் சொன்னது உண்மை. இது நடந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. நான் அப்போது ஒரு வேளாண்மைக் கல்லூரியில் மண்ணியல் பேராசிரியர். அவள் என்னிடம் முதுகலை ஆய்வு செய்தவள். பெயர் பூங்கொடி. செஞ்சிக்குப் பக்கத்தில், அவலூர்பேட்டை போகிற வழியில் ஒரு கிராமம். தன் ஊர் நிலங்களில் எவ்வளவு கரிமம் இருக்கிறது என்று அளந்துகொண்டு வந்தாள். மற்ற நிலங்கள் எல்லாம் அந்த வறண்ட பூமிக்கு இருக்க வேண்டிய அளவைக் காட்டின. ஒரே ஒரு நிலம் பல மடங்கு காட்டியது. அது அவளுடைய அப்பாவின் நிலம். "குப்பைமேட்டு மண்ணை அள்ளிக்கொண்டு வந்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாய்" என்று மற்றப் பேராசிரியர்கள் முன்னால் சொல்லி, வாய்மொழித் தேர்விலிருந்து அவளை வெளியே அனுப்பினேன். அவள் படிப்பையே விட்டுவிட்டுப் போனாள்.

அதே வருஷம் இன்னொரு மாணவனுடைய அளவும் தாறுமாறாக இருந்தது. அவனிடம், "இன்னொரு தரம் செய்து பார் தம்பி" என்றேன். அவன் என் நண்பரின் மகன். பூங்கொடி காலனியிலிருந்து வந்த பெண். அவள் சாதியில் பிறந்தவள் ஒழுங்காக அளந்திருக்க மாட்டாள் என்று, அவளுடைய கணக்கைப் படிப்பதற்கு முன்பே என் மனசு முடிவு செய்துவிட்டது. அதை எனக்கு நானே ஒப்புக்கொள்ளப் பல வருஷம் பிடித்தது.

ஆகவே அவளைத் தேடிச் செஞ்சிக்குப் போனபோது சொல்வதற்கு என்னிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன. அவள் அளந்தது சரி என்பது ஒன்று. நான் ஏன் நம்பவில்லை என்பது மற்றது. முதலாவதை எப்படியும் சொல்லிவிடுவேன் என்று நாகர்கோவிலில் ரயில் ஏறும்போதே தெரியும்.

அவள் சரி என்று எனக்குத் தெரிந்ததே தற்செயல். எங்கள் ஊரில் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்குகிறவர்கள் உண்டு. ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகாமல், பக்கத்துத் தோப்பில் பழைய கரிக்குழி இருந்த இடத்து மண்ணை எடுத்துவந்து என் பின்கட்டு அறையில் சோதித்தேன். கரிமம் இருந்தால் ஆரஞ்சு நிறக் கரைசல் பச்சையாகும். அன்று ஆனது வாழையிலைப் பச்சை. பக்கத்துத் தென்னை மரத்தடி மண்ணில் ஒன்றுமே இல்லை. ஒரே தோப்பு, பத்தடி தூரம். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பூங்கொடி தன் ஆய்வில், "இந்த மண்ணில் சிறு கருப்புத் துணுக்குகள் உள்ளன" என்று ஒரு வரி எழுதியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. எங்கள் ஊர் மலைகள் தலையில் மேகம் சுற்றிக்கொண்டு நிற்கும். இங்கே மலை என்பது யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய பாறைக் குவியல் போல இருக்கிறது. எந்த நேரம் எந்தக் கல் உருளுமோ என்று தோன்றுகிறது. ஆனால் ஊரில் ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ராஜகிரிக் கோட்டை மலையின் அடியில் நின்றுகொண்டு செல்போன் ரீசார்ஜ் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. சோறு மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. சிவப்புச் சம்பா அரிசியில் வளர்ந்த எனக்கு, சாப்பிட்ட மாதிரியே இல்லை. இரண்டு தரம் வாங்கினேன். கத்தரிக்காய்க் காரக்குழம்பின் மேல் கடலை எண்ணெய் மிதந்தது. எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாமல் அப்பளம்கூடப் பொரியாது; ஆனாலும் அந்தக் குழம்புக்காக என் கட்சியை விட்டுக்கொடுத்தேன்.

"இது என்ன, கப்பலண்டி எண்ணெயா?" என்று பரிமாறியவரிடம் கேட்டேன். எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.

"கப்பல் இங்க ஏது பெரியவரே? இது மல்லாட்ட எண்ண. செக்குல ஆட்டுனது" என்றார் அவர். பிறகு சமையல்கட்டைப் பார்த்து, "இன்னாடா, இவரு கப்பல ஆட்டுனியான்னு கேக்குறாரு!" என்று கத்தினார். உள்ளே சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பூங்கொடி திண்டிவனம் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கின் மேலாளர் என்று பழைய மாணவர் ஒருவர் சொல்லியிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் நேரே அங்கே போயிருக்கலாம். போகவில்லை. முட்டி வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அறையில் படுத்தேன்.

முட்டி வலிக்கிறவன் மறுநாள் காலை கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியில் ஏறினேன். மனிதன் பயந்தால் எதையும் செய்வான். பாதியில் மூச்சு வாங்கி, ஒரு மதிலின் நிழலில் உட்கார்ந்தேன். நான் விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் காலையில் தின்ற இட்லியின் கரிமம் காற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழே தெரிந்த நெல்வயல் அதை வாங்கி மறுபடி அரிசியாக்கும். இதைத்தான் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தினேன். இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தபோது சுலபமாகப் புரிந்தது.

இது வேகமான சுற்று. பாறையின் சுற்று மெதுவானது. மழைத்துளி கீழே வரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. நாக்குக்குத் தெரியாத அளவு புளிப்பு. அந்தப் புளிப்பு பட்டுப்பட்டுப் பாறை அரிபடுகிறது. பாறையிலிருந்து கரைந்த சுண்ணாம்புச் சத்தும், மழை காற்றிலிருந்து கொண்டுவந்த கரிமமும் சேர்ந்து சங்கராபரணியில் இறங்கிக் கடலுக்குப் போகின்றன. அங்கே சிப்பிகள் இரண்டையும் எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. வானத்தில் இருந்தது கடலடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அது திரும்பி வர எத்தனை லட்சம் வருஷமோ. மனிதனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சுண்ணாம்பைச் சூளையில் சுட்டு, உள்ளேயிருந்த வாயுவை ஒரே நாளில் வானத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை நீற்றிக் குழைத்து மதில் கட்டினான். நான் சாய்ந்திருந்த அந்தக் காரை, பூசிய நாளிலிருந்து அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கித்தான் இப்படிக் கல்லாக இறுகியிருக்கிறது.

இதை வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தது ஒரு குரங்கு. பூங்கொடிக்கென்று நாகர்கோவிலிலிருந்து சுமந்து வந்த நேந்திரங்காய் சிப்ஸ் பையைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறியது. நான் கைத்தடியைத் தூக்கினேன். அது பல்லைக் காட்டியது. இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தலைவி, "விட்டுடுங்க சார், அது குடுக்காது. அதுக்கு இது சொந்த வூடு, நாமதான் விருந்தாளி" என்றார். சிப்ஸ் நன்றாக இருந்திருக்க வேண்டும். இன்னும் நாலு குரங்குகள் வந்தன.

இனிமேல் தள்ளிப்போட வழியில்லை. அதற்கடுத்த நாள் காலை, வெறுங்கையோடு பெட்ரோல் பங்க்கில் போய் நின்றேன். பெட்ரோல் போடுகிற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வண்டி எங்க தாத்தா?"

"வண்டி இல்லை."

"பாட்டில்ல குடுக்க மாட்டோம்."

"பெட்ரோல் வேண்டாம்மா."

"அப்ப இன்னா, காத்து புடிக்கணுமா?"

அந்த நேரம் கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு பூங்கொடி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். நரைத்த முடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"மண்ணு சாரா? இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அன்னிக்கு நீ, வா, போன்னு சொன்ன வாயி. இன்னிக்கு இன்னாத்துக்கு நீங்க? உக்காருங்க."

உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்தேன். பேசினேன் என்று சொல்வது தப்பு, பாடம் நடத்தினேன். மரம் காற்றிலிருந்து கரிமத்தை எடுப்பது, இலை உதிர்ந்து மண்ணில் மக்கினால் நுண்ணுயிர்கள் தின்று சில வருஷத்தில் அதைக் காற்றுக்கே திருப்பி விடுவது, அதே மரத்தைக் காற்றுப் புகாமல் மூடிச் சுட்டால் கரியாகி, அந்தக் கரியை எந்த உயிரும் சுலபத்தில் தின்ன முடியாமல் நூற்றுக்கணக்கான வருஷம் மண்ணிலேயே கிடப்பது, எங்கள் சோதனையில் கரியின் ஒரு பங்குதான் பிடிபடும் என்பதால் அவள் நிலத்தில் இருந்தது அவள் எழுதியதைவிடவும் அதிகம் என்பது எல்லாவற்றையும் மேஜைமேல் விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். நடுவில் மூன்று பேர் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று வந்து போனார்கள்.

"கருப்பா துணுக்கு இருக்குதுன்னு எழுதியிருந்தேனே. படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேன். குப்பை எரிச்ச சாம்பல்னு நினைச்சேன்."

"நெனச்சீங்க." சிரித்தாள். "எங்கூட்டு மண்ணுல கார்பன் இருக்க முடியாதுன்னீங்க. இப்ப பாருங்க சார், டேங்க் டேங்க்கா கார்பன்தான் வித்துக்கினு இருக்கேன். பூமிக்குள்ள கோடி வருசம் தூங்கினு இருந்தத எழுப்பி வானத்துக்கு டிக்கெட் குடுக்கறது என் வேல."

நான் சிரித்தபோது அவள் நிறுத்திவிட்டாள்.

"இத என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் எங்க மண்ணெடுத்தேன்னு எனக்குத் தெரியாதா? எங்க நைனாகிட்ட வந்து சொல்லுங்க. அம்மாம் படிச்சவரு சும்மாவா சொல்லுவாருன்னு உங்க பேச்சத்தான் நம்புனாரு. இன்னிய வரைக்கும், படிக்க அனுப்புனா பேரக் கெடுத்துக்கினு வந்தவன்னுதான் சொல்லிக்கினு இருக்காரு. எம்பசங்க முன்னாடி சொல்றாரு சார்."

அதாவது நான் அவளிடமிருந்து பட்டத்தை மட்டும் பறிக்கவில்லை. அவளுடைய அப்பாவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். "நாளைக்கே வாரேன்" என்றேன்.

மறுநாள் அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். மடியில் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த, மண் துளைக்கிற கருவி. ஒவ்வொரு வேகத்தடையிலும், "சார், இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டாள்.

அவளுடைய அப்பா ஏழுமலைக்கு எண்பதுக்கு மேலிருக்கும். அரசாங்கம் கொடுத்த கல்லாங்குத்து நிலம், ஏரிக்கரைக்குக் கீழே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். நான் யாரென்று பூங்கொடி சொன்னதும் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஐயா, உங்க பொண்ணு ஏமாத்தலை. நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். "பெரியவர எங்கியோ புடிச்சி இட்டுக்கினு வந்து சொல்ல வெக்கிறியா?"

வார்த்தையால் ஆகாது என்று தெரிந்தது. நிலத்தின் நடுவில் கருவியைத் திருகி இறக்கினேன். மேலே செம்மண். முழங்கை ஆழத்தில் திடீரென்று கருப்பு. உள்ளங்கையில் உதிர்த்தேன். பொடிப்பொடியாகக் கரித்துண்டுகள். ஒன்றை எடுத்து என் வெள்ளைச் சட்டையில் இழுத்தேன். மை மாதிரி கோடு விழுந்தது.

"இது கரி. இதைத்தான் உங்க பொண்ணு அளந்தா. குப்பையில்லை. இங்கே யாராவது எப்பவாவது கரி சுட்டிருக்காங்களா?"

ஏழுமலை வானத்தைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். "யாரு சுடுவா? எவனும் சுடல."

"நைனா" என்றாள் பூங்கொடி.

"இன்னாமா?"

"மூஞ்சியப் பாத்தா தெரியுது. யாரு?"

அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "ஏன் சார், அந்தக் காலத்துல மூட்டம் போட்டதுக்கு இப்ப வந்து கேசு போடுவாங்களா?"

விஷயம் இதுதான். ஏரிக்குள் இருந்த வேலிக்கருவை மரங்களை ஒரு குத்தகைக்காரர் ஏலத்தில் எடுத்திருந்தார். மழை இல்லாத ஒரு வருஷம், பூங்கொடி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஏழுமலை அதிலிருந்து திருட்டுத்தனமாக வெட்டி, தன் நிலத்திலேயே அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, மூட்டம் போட்டுக் கரி சுட்டிருக்கிறார். இப்படிப் பல தடவை. பெரிய கரியை விற்றுவிட்டு, தூளும் துண்டும் கண்ணில் பட்டால் மாட்டிக்கொள்வோம் என்று ஆழமாக உழுது மண்ணுக்குள் தள்ளிவிட்டார். பூங்கொடி மண் எடுக்க வந்தபோது அவர் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார்.

"மண்ணப் போட்டு மூடிட்டா எவனுக்குத் தெரியும்னு நெனச்சேன். உங்க மெஷினுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார்.

"நைனா! இத்தினி வருசமா நீயே செஞ்சி வெச்சிக்கினு என்னத் திட்டிக்கினு இருந்தியா?" பூங்கொடியின் குரல் ஏரிக்கரை வரை போயிருக்கும்.

"நான் இன்னாம்மா கண்டேன், அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இருக்குதுன்னு? நீ பரீட்சையில ஏமாத்துனன்னு சொன்னாங்க. நான் கரி சுட்டேன். அது வேற, இது வேறன்னு இருந்தேன்."

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. வானத்தில் இருந்தது மரத்துக்கு வந்து, மரத்திலிருந்து மண்ணுக்குப் போய், அங்கிருந்து என் மேஜைக்கு வந்த வழியை அவர் எப்படிக் கண்டார்? காண வேண்டியவன் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஏழுமலை ஒரு கரித்துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப எம்பொண்ணு பாஸா சார்?"

"பாஸ்."

"எவ்ளோ மார்க்கு?"

பூங்கொடி கையைக் கட்டிக்கொண்டு, நானும் கேட்கத்தான் நிற்கிறேன் என்பது போல நின்றாள். "தொண்ணூறு" என்றேன்.

"மிச்சம் பத்து?"

"அது நீ மூட்டம் போட்டத மறைச்சதுக்குப் புடிச்சிக்கிட்டாரு" என்றாள் மகள்.

கிழவர் திரும்பி, பக்கத்து நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்தார். "ஏய்! எம்பொண்ணு பாஸாயிட்டா!"

"யாரு மாமா, பேத்தியா?" என்று ஒரு குரல் வந்தது.

"பேத்தி இல்ல, பூங்கொடி!"

"அந்தக்காவுக்கு இந்த வயசுல இன்னா பரீட்ச?"

அங்கே சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஒருத்தி மடி நிறையப் பச்சை மல்லாட்டை கொண்டுவந்து கொட்டினாள். மண்ணை அலசித் தோலோடு வேகவைத்துத் தின்றோம். கப்பலண்டி என்று நான் இதுவரை தின்றதெல்லாம் பழசு என்று தெரிந்தது. ஏழுமலை உரித்து உரித்து மகளுடைய கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவள் தின்னாமல் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டர் இருமி நின்றது. பெட்ரோல் இல்லை. பெட்ரோல் பங்க் மேலாளரின் வண்டியில் பெட்ரோல் இல்லை. பூங்கொடி தலையில் அடித்துக்கொண்டு, பங்க்குக்கு போன் செய்தாள். "யார்கிட்டயும் சொல்லாம எடுத்துக்கினு வா. சொன்ன, அவ்ளோதான்." சாலையோரப் புளியமரத்தின் கீழ் நின்றோம். இனி தப்பித்துப் போக எனக்கு மலையும் இல்லை, வண்டியும் இல்லை.

"பூங்கொடி, இன்னொரு காரியமும் சொல்லணும். அதே வருஷம் இன்னொரு பையனுக்கும் கணக்கு எகிறிச்சு. அவனைத் திரும்பச் செய்யச் சொன்னேன். உன்னைச் சொல்லலை. நீ காலனிப் பொண்ணு, அதனாலதான். கரிமம், கரி எல்லாம் அப்புறம். உன் சாதியைப் பார்த்துத்தான் உன்னைப் பொய்க்காரின்னேன். என்னை மன்னிக்கணும்."

ஒரு கரும்பு லாரி போயிற்று. அது போன பிறகும் அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய வந்தவுடனே ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்டாளுங்க, சார் இன்னாடி சொன்னாருன்னு. நம்பர் தப்பாயிடுச்சின்னேன். சாதிதான் காரணம்னு சொல்ல வாயி வரல. சொல்லிட்டா நெசமாயிடும்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிக்கறதுக்கெல்லாம் டைம் ஆவும் சார். இன்னிக்கு முடியாது. ஆனா ஒன்னு. நைனாகிட்ட மட்டும் இத சொல்லிடாதீங்க. இன்னிக்குதான் சந்தோசமா இருக்காரு."

தூரத்தில் பெட்ரோல் போடுகிற அந்தப் பெண் ஒரு மொபெட்டில் வந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டி வளைந்து வளைந்து வந்தது.

ஊர் திரும்பியதும் கல்லூரிக்கு நேரில் போனேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்று மரியாதையாகச் சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். பூங்கொடிக்குப் போன் செய்து சொன்னேன். "சரி சார்" என்றாள். அதோடு போனை வைத்தாள்; பிறகு கூப்பிட்டதில்லை. நானும் அவளைத் தொந்தரவு செய்வதில்லை.

ஏழுமலைதான் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வருகிறது. பேரன் அழுத்திக் கொடுப்பானாம். யார் யாரிடம் மகள் பாஸான கதையைச் சொன்னார் என்று வரிசையாகச் சொல்லுவார். முடிக்கும்போது எப்போதும் ஒரே மாதிரி முடிப்பார். "அவ்ளோ தூரத்துலேருந்து தேடி வந்து சொன்னீங்களே சார். உங்கள மாதிரி நல்ல மனுசன் எங்க இருக்குறான்?"

நான் இந்தப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, அங்கே மழை உண்டா என்று கேட்கிறேன்.